அம்பத்தூர் கேட்டில் தொங்கிய போர்டு

வேலை எந்த ஊருக்குப் போனதோ அந்த ஊருக்கு நானும் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். இது சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. கோயிலையும் கடற்கரையையும் தேடுகிறவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

நான் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் லேத்தில் உலோகம் கடைகிற டர்னர். தாய்மொழி தமிழ், பிழைப்பு கன்னட நாட்டில். எங்கள் பட்டறையில் வருஷக்கணக்காக ஓடிய உருப்படி ஒன்று உண்டு. பம்பு செட்டுக்குள் உட்காரும் ஒரு புஷ். கவிழ்த்து வைத்த சின்ன டம்ளர் மாதிரி இருக்கும், ஓரத்தில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பேர் லோட்டா. என் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த லோட்டாவால்தான்.

அதை வாங்கிக்கொண்டிருந்த பம்பு கம்பெனியின் ஆர்டர் ஒருநாள் நின்றது. சாவுகார் என்னைக் கூப்பிட்டார். முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம். கன்னடத்தில் சொன்னார்: "உங்க ஊர்க்காரன் அம்பத்தூர்ல பாதி ரேட்டுக்குச் செஞ்சு தர்றானாம். எங்க தண்ணியையும் கேக்குறீங்க, வேலையையும் எடுத்துக்கிட்டுப் போறீங்க. லோட்டா திரும்பி வரலைன்னா உன்னை நான் வெச்சுக்க முடியாதுப்பா."

காவிரித் தகராறு நடந்ததற்கு அடுத்த வருஷம் அது. தகராறு சமயத்தில் நானும் என் மனைவி ரோஸியும் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளிடம் தமிழில் சத்தம் போடாதே என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை. "என் தம்பி அங்கதானே இருக்கான். வேலை அங்க போயிடுச்சுன்னா நாமளும் அங்கயே போயிடலாம்" என்றாள்.

அவள் தம்பி அருள் சென்னைப் பக்கம் பட்டாபிராமில் இருக்கிறான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெங்களூர் வரும்போதெல்லாம் "எங்க எஸ்டேட்ல கேட்டுக்கு கேட் ஆள் தேவைன்னு போர்டு தொங்குது மாமா" என்பான். நான் நம்பியதே இல்லை. பெருமை பேசுகிறவனிடம் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். ஆனால் இந்தத் தடவை அவன் சொன்னது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதல் நாளே கோணல். சென்ட்ரலில் பட்டாபிராம் என்று கேட்டேன், ஒருவர் கைகாட்டினார், ஏறினேன். அது பட்டாளத்துக் கிடங்குப் பக்கம், மிலிட்டரி சைடிங் போகிற வண்டி. பட்டாபிராம் என்ற பேரில் ஒன்றுக்கு மேல் ஸ்டேஷன் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் இறங்கினபோது மேடையில் என்னையும் இரண்டு நாய்களையும் தவிர யாருமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தேன். கைகாட்டினவன் வேண்டுமென்றே செய்தான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அருள் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மாமா, பட்டாளத்துல சேர வந்தீங்களா?"

அவன் மனைவி ஸ்டெல்லா குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "இது குடிக்கிறதுக்குண்ணா, லாரித் தண்ணி. மூஞ்சி கழுவ பின்னால போர்வெல் தண்ணி கீது. சோப்பு நுரைக்காது, கோச்சுக்காதீங்க."

நுரைக்கவில்லை. வாயில் பட்டது உப்பாகக் கரித்தது. எந்தத் தண்ணீருக்காக பெங்களூரில் என்னை முறைத்தார்களோ, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. பெங்களூரில் என் வீட்டுக் குழாயில்தான் காவிரி வருகிறது. இதை அருளிடம் சொன்னேன். "அப்போ எங்க பங்கையும் நீங்கதான் குடிக்கிறீங்க" என்றான். சங்கரா மீன் குழம்பு நன்றாக இருந்ததால் சண்டை போடவில்லை.

மறுநாள் காலை அவனோடு எஸ்டேட்டுக்குப் போனேன். ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

"எல்லா கம்பெனியும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பூட்ச்சுபா. கர்நாடகாக்காரன் நிலத்த சும்மா குடுக்குறானாம். இங்க இன்னா கீது? கொசுதான் கீது."

"அங்க குளுருக்கு மெசின் நல்லா ஓடுமாம் மாமே."

"மெசினுக்கு இன்னாடா குளுரு?"

எனக்குக் கோபம் வந்தது. பீன்யாவில் எல்லாம் அம்பத்தூருக்குப் போய்விட்டது என்கிறான். அம்பத்தூர் போகிற வண்டியில் எல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டது என்கிறான். இரண்டு பேர் வீட்டிலும் பொருள் இல்லை, எதிர்வீட்டுக்காரன் திருடிவிட்டான் என்று இரண்டு பேருமே சொன்னால் பொருள் எங்கே? எவனோ ஒருவன் பொய் சொல்கிறான். யார் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்தேன்.

எஸ்டேட்டில் அருள் சொன்னது சரிதான். போர்டுகள் தொங்கின. டர்னர் தேவை, பிட்டர் தேவை, வெல்டர் தேவை, ஹெல்பர் தேவை. பெங்களூரில் இந்தப் பழக்கம் கிடையாது. அங்கே ஆள் வேண்டுமென்றால் உள்ளே இருப்பவனிடம் சொல்வார்கள், அவன் தன் சொந்தக்காரனைக் கூட்டிவருவான். இங்கே கேட்டிலேயே பெயின்ட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா மாமா? எந்த ஸ்டேட்டு பெருசு? இப்பயாவது ஒத்துக்கோங்க" என்றான் அருள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. போர்டைக் கிட்டே போய்ப் பார்த்தேன். வெயிலில் எழுத்து வெளுத்திருந்தது. கம்பி துருப்பிடித்து, துரு வழிந்து போர்டில் கோடு விழுந்திருந்தது. நேற்று ஆள் தேவைப்பட்டு எழுதின போர்டு இல்லை இது. அருளிடம் சொன்னேன்.

"உங்களுக்கு தங்கத்த குடுத்தாலும் ஒரசிப் பாப்பீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் கம்பெனிக்குப் போனான்.

எதிரே டீக்கடை. பெங்களூரில் ஒரு காபியை இரண்டாக ஊற்றிக் குடிக்கிற பழக்கம் உண்டு. இங்கே அப்படிக் கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பொறை ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்த ஒருவர் சிரித்தார். "வெளியூரா அண்ணாத்தே? முழு டீயா குடி. டெஸ்ட்டு குடுக்கத் தெம்பு வேணும்."

அவர் பேர் மாணிக்கம். வீடு பாடியில். அவர் வேலை செய்த கம்பெனி ஒருநாள் கேட்டைப் பூட்டியது, பிறகு திறக்கவேயில்லை. அவரும் டர்னர். மடியில் டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்.

"வேலையே இல்லேன்றீங்க, டிபன் பாக்ஸ் எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஊட்ல வேலைக்குப் போறேன்னு சொல்லிகினு கீறேன். பாக்ஸ் இல்லாம கெளம்புனா பொண்டாட்டி கேக்க மாட்டாளா?" என்றார். குரலில் வருத்தமே இல்லை. அதனால் எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது.

அவரோடு போர்டு தொங்கிய அந்தக் கம்பெனிக்குள் போனேன். இன்னும் மூன்று பேர் நின்றார்கள். தயாளன் என்ற சூப்பர்வைசர் வந்தார். சட்டைப் பையில் நாலு பேனா.

"எங்க வேல செஞ்ச?"

"பெங்களூர். பீன்யா."

"அங்கருந்து இங்க வந்தியா? ஊரே அங்க போகுது, நீ இன்னாபா எதுருக்க வர்ற?" என்று சொல்லிவிட்டு டிராயிங்கை என் கையில் கொடுத்தார்.

லோட்டா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். காணாமல்போன மாட்டைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. டிராயிங் பார்க்கவேண்டிய தேவையே இல்லை, எல்லா அளவும் என் கைக்குத் தெரியும். ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை. லேத்தில் நின்றேன். பழைய மெஷின், பல்லெல்லாம் தேய்ந்து கைப்பிடி ஆடியது. அதைச் சமாளித்துக் கடைந்து கொடுத்தேன்.

தயாளன் அளவு பார்க்கும் வெர்னியரை வைத்துப் பார்த்தார். "ஒண்ணு சரியா வர்றது அதிர்ஷ்டம். நாலும் ஒரே அளவுல வரணும், அதான் டெஸ்ட்டு. இன்னும் மூணு போடு."

போட்டேன். நாலும் அச்சாக வந்தது. "கை நல்லா கீது. நாளைக்கு வா, வேற மெசின்ல பாக்கலாம்" என்றார்.

அன்றைக்கு மாலை ஸ்டெல்லா என் பேச்சை நம்பி, மாங்காட்டுப் பக்கம் வாடகை கம்மி என்று வீடு விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அருள், "அக்காவுக்கு போன் போடட்டுமா?" என்றான். "போடாதே" என்றேன். இவ்வளவு சீக்கிரம் நல்லது நடந்தால் எனக்குப் பிடிக்காது. தெருமுனைக் கடைக்குப் போய் அவனே போட்டுவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் வேற மெஷின். மறுபடியும் லோட்டாதான். நாலு போதாது, இன்னும் நாலு. வெயில் தகரக் கூரையில் இறங்கி மண்டையைப் பிளந்தது. பெங்களூரில் இந்த நேரத்துக்கு ஃபேன்கூட வேண்டாம். இங்கே கரண்ட் போனது, எல்லாரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாணிக்கம் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் தள்ளினார்.

"இது எத்தனாவது டெஸ்ட்டு உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இந்த கம்பெனிலயா? போன மாசம் குடுத்தேன், கூப்டல. இந்த மாசம் திரும்ப வந்தேன். நடுவுல எதுர் கம்பெனில, பின்னால கம்பெனில. கை பழகிகினு இருக்கும்ல?"

"இங்கே சம்பளத்துக்கு டர்னர் எத்தனை பேர்?"

"ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தன் நின்னுட்டான்."

கையிலிருந்த சாதத்தை மூடியில் திரும்ப வைத்தேன். பட்டறையில் ஆறு லேத் பார்த்தேன். கரண்ட் போகிற வரை ஆறும் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் டெஸ்ட் முடிந்ததும் தயாளன் வெளியே போனார். நான் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து லோட்டாவுக்கு எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டிமேல் எங்கள் பழைய பம்பு கம்பெனியின் முத்திரை.

பெட்டியிலிருந்து ஒரு லோட்டாவை எடுத்தேன். பிறகு இன்னொன்று, இன்னொன்று. ஒரு டர்னரின் வேலை அவன் கையெழுத்து மாதிரி. ஒருத்தன் ஓரத்தை அழுத்திச் சீவுவான், ஒருத்தன் லேசாகத் தட்டி விடுவான். ஒருத்தன் கடைந்த இடத்தில் கோடு பட்டையாக விழும், இன்னொருத்தன் வேலை கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கள் பீன்யாப் பெட்டியைத் திறந்தால் என் கையும் கூட வேலை செய்த சிவண்ணாவின் கையும்தான் தெரியும். இந்தப் பெட்டியில் பத்து இருபது பேர் கை தெரிந்தது. நாலு ஒருத்தன் கை, அடுத்த நாலு வேறொருத்தன் கை. நாலு நாலாக.

அடியில் என்னுடையதும் இருந்தது. உள் விளிம்பில் விரல் கிழிக்காமல் இருக்க நான் மெல்லியதாக ஒரு சீவல் சீவுவேன், டிராயிங்கில் அது இல்லை. அந்தச் சீவலை விரலால் தடவிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

பாதி ரேட்டின் ரகசியம் புரிந்துவிட்டது. கூலியே இல்லையென்றால் பாதி ரேட் என்ன, இன்னும் இறக்கிக்கூடக் கொடுக்கலாம். பீன்யாவில் என் வேலையைப் பிடுங்கியது தமிழ்நாடு இல்லை. வேலை கிடைக்கும் என்று வந்து நின்றவர்கள் சும்மா செய்து கொடுத்த நாலு நாலு லோட்டா. அதில் என் கையும் சேர்ந்துவிட்டது.

தயாளன் பின்னால் வந்து நின்றார். "இன்னாபா, இங்க இன்னா பண்ற?"

"இது டெஸ்ட்டா, புரொடக்‌ஷனா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். எண்ணெய் தடவிய பெண் கையை நிறுத்திவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. "நீ போட்ட பீஸ் அளவு சரியா வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"சரியா வந்த பீஸை குப்பைல போடச் சொல்றியா?"

"அப்போ அதுக்குக் கூலி?"

"டெஸ்ட்டுக்கு எந்த ஊர்ல கூலி குடுக்குறான்? உங்க பெங்களூர்ல குடுக்குறானா, சொல்லு?"

கையிலிருந்த லோட்டாவைப் பெட்டியில் வைத்தேன். பெங்களூரிலும் கொடுப்பதில்லை. "போய்ட்டு வா, சொல்லி அனுப்பறோம்" என்றார். என் அட்ரஸைக்கூட அவர் வாங்கியிருக்கவில்லை.

அருளிடம் சொன்னேன். அவன் ஒரே வார்த்தையில் முடித்தான். "ஒரு கம்பெனி அப்டி பண்ணா, எஸ்டேட்டே அப்டின்னுவீங்களா மாமா? எங்க கம்பெனில மாசாமாசம் சம்பளம் வருது."

"உன் கம்பெனி கேட்டுல போர்டு தொங்குதா?"

"இல்ல."

"அதான்."

ஸ்டெல்லா அன்றைக்கு அப்பளம் மட்டும் பொரித்தாள்.

ஊருக்குக் கிளம்புகிற நாள் காலையில் மறுபடியும் அந்தக் கேட்டுக்குப் போனேன். அருள் வேண்டாம் என்றான், கேட்கவில்லை. ஐந்து பேர் நின்றார்கள், மாணிக்கமும் டிபன் பாக்ஸோடு நின்றார். எல்லாரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இங்கே வேலை கிடையாது, உங்களை வைத்து ஆர்டரை முடிக்கிறார்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள் என்றேன். நாலு நாள் யாரும் போகாதீர்கள், அவனே வழிக்கு வருவான் என்றேன்.

ஒருத்தன், "நீ எந்த ஊரு?" என்றான்.

"பெங்களூர்."

"அப்டி சொல்லு. எங்களுக்கு ஆர்டர் வந்தா உங்களுக்கு வயிறு எரியுது. கர்நாடகாக்காரன் அனுப்ச்ச ஆளுடா இவன்!"

அங்கே நான் தமிழன், இங்கே நான் கர்நாடகாக்காரன். இந்தக் கொடுமையைச் சொல்லிச் சிரிக்கக்கூட அங்கே ஆள் இல்லை. மாணிக்கத்தைப் பார்த்தேன். சாதத்தில் பாதி கொடுத்த மனிதர், அவராவது நம்புவார் என்று நினைத்தேன்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். "நீ நல்ல வேலக்காரன் அண்ணாத்தே. உன் பீஸ பாத்தேன். எங்கள எல்லாம் அனுப்ச்சுட்டா அப்புறம் நீ மட்டும்தான் நிப்ப. உன்னத்தான் கூப்புடுவான். அதுக்குத்தானே சொல்ற?"

கேட் திறந்தது. ஐந்து பேரும் உள்ளே போனார்கள். போர்டு கம்பியில் ஆடியது.

பெங்களூரில் ரோஸி பாதி சாமானைக் கட்டி வைத்திருந்தாள். அருள் போட்ட போனின் வேலை. "அவுத்துடு" என்றேன். அவள் அழுதாள். நான் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

சாவுகாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். என்னுடைய எண்ணம் இதுதான்: அவர் பம்பு கம்பெனிக்குப் போய், இந்த மாதிரி ஆளாளுக்குக் கடைந்த சரக்கை வாங்காதே என்று சண்டை போடுவார். தரத்தைக் காட்டி லோட்டாவைத் திரும்ப வாங்குவார். இவ்வளவு கெட்டிக்காரனாக எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், அவர் ஒருவரை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவர் காபி வரவழைத்து இரண்டாக ஊற்றிப் பாதியை என்னிடம் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் கையால் நான் வாங்கிக் குடித்த முதல் காபி. "ஒரு ஆளுக்கு நாலு பீஸா?" என்று கேட்டார். "அளவு சரியா வருதா? எவ்வளவு நேரம் எடுக்குது?" எல்லாவற்றுக்கும் நான் கோபத்தோடு பதில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் லோட்டா திரும்பி வந்தது. அம்பத்தூர் ரேட்டைவிட இறக்கிக் கேட்டு வாங்கிவிட்டாராம். "உன் வேலை போகாதுப்பா. சிவண்ணாவை நிறுத்திட்டேன். நீ லேத்ல நிக்க வேண்டாம், வர்றவங்ககிட்ட டெஸ்ட் வாங்கினா போதும்" என்றார். கையில் புது போர்டு வைத்திருந்தார். மேலே கன்னடத்தில் 'டர்னர் தேவை', அடியில் தமிழிலும் அதே வாசகம். "உங்க ஆளுங்கதான் நெறைய வருவாங்க, அதுக்காக எழுதச் சொன்னேன்" என்றார். "மாட்டணும், ஏணியைப் பிடி."

பிடித்தேன்.

மறுநாள் காலை கேட்டருகே ஒருத்தன் நின்றான். என் வயதுதான் இருக்கும், கையில் டிபன் பாக்ஸ். போர்டின் கீழ்ப்பாதியைப் படித்துவிட்டு, "அண்ணே, டெஸ்ட் இங்கதானா?" என்று தமிழில் கேட்டான்.

பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, "இங்கே வேலை இல்லை, போயிடு" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். என் சட்டைப் பையில் இருந்த வெர்னியரைப் பார்த்தான்.

"உனக்கு இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.